ஆறு முங்கும் இடம்

சென்ற மாதம் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், அணையில் நிற்கும் தண்ணீர் வெப்பத்தால் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. பெரும்பாலானவை பொதிகை அடிவாரத்திலிருந்தும் தாமிரபரணிக் கரையிலிருந்தும் வந்தவை. ஆகவே இந்த மாதம் முழுக்கத் தண்ணீர்தான்.

கேள்வி: டீச்சர், சித்திரை வெயிலில் எங்கள் படித்துறைக் கல்லில் கால் வைக்க முடியாது. ஆனால் அணையில் தண்ணீரைக் கூட்டித் திறந்தார்கள் என்றால், மறுநாள் காலை ஆற்றில் இறங்கும்போது உடம்பு நடுங்குகிறது. மலையில் மழையும் இல்லை. மாதக்கணக்கில் வெயில் குடித்த தண்ணீர் சூடாகத்தானே இருக்க வேண்டும்? – கல்லிடைக்குறிச்சி வாசகி.

பதில்: என் அப்பா கன்னடியன் கால்வாயில் லஸ்கராக, அதாவது மதகு திறந்து மூடும் ஊழியராக இருந்தார். மதகைத் திருகுவதற்கு முன் ஒரு காலைத் தண்ணீரில் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். "இது அணைத் தண்ணீர்" என்பார். இன்னொரு நாள், "இது மேலே பெய்த தண்ணீர்" என்பார். கலங்கலைப் பார்த்துச் சொல்கிறார் என்றுதான் சிறு வயதில் நினைத்திருந்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்த வந்த காலத்தில்தான், அவர் காலால் வெப்பநிலையைப் படித்துக்கொண்டிருந்தார் என்பது புரிந்தது.

வெயில் அணையின் உச்சந்தலையைத்தான் சுடுகிறது. சூரியனிலிருந்து வரும் வெப்பத்தில் பாதிக்கு மேல், தண்ணீரின் முதல் ஒரு மீட்டருக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. சூடான தண்ணீர் இலேசானது, மேலேயே மிதக்கும். காற்று அதைக் கலக்கும், ஆனால் காற்றின் கைக்கு எட்டும் ஆழம் வரைதான். அதற்குக் கீழே குளிர்ந்த, கனத்த தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. அமெரிக்க ஏரி ஆய்வாளர் பிர்ஜ் 1897இல் அதற்குத் தெர்மோகிளைன் என்று பெயர் வைத்தார். நான் வகுப்பில் அதைச் சரிவடுக்கு என்று சொல்லிக்கொடுத்தேன். கோடையில் பம்புசெட் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் எதுவும் தேவையில்லை. நெஞ்சு வரைக்கும் வெதுவெதுப்பு, முங்கிக் கீழே போனால் காதுக்குள் குளிர் ஏறும். அந்த மாற்றம் நடக்கும் இடம்தான் சரிவடுக்கு.

குளிர்நாடுகளில்தான் ஏரிகள் இப்படிப் பிரிந்து நிற்கும், நம் ஊரில் மேலுக்கும் கீழுக்கும் சில டிகிரி வித்தியாசம்தானே, அது பெரிதா என்று வேறு சிலர் எழுதியிருக்கிறார்கள். பெரிதுதான். மொட்டை மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிறைய இருக்கும் தண்ணீர் 4 டிகிரியாக இருப்பதற்கும் 5 டிகிரியாக இருப்பதற்கும் எடையில் 8 கிராம்தான் வேறுபாடு. 10 டிகிரிக்கும் 11 டிகிரிக்கும் 95 கிராம். நம் ஊர் வெப்பத்தில், 29க்கும் 30க்கும், ஏறக்குறைய 300 கிராம்! இங்கே ஒரு டிகிரி செய்யும் வேலையை அங்கே மூன்று டிகிரி சேர்ந்துதான் செய்ய முடியும். அதனால் சிறு வெப்ப வேறுபாடே நம் அணைகளில் மேல் தண்ணீரையும் கீழ்த் தண்ணீரையும் பிரித்து வைக்கப் போதுமானது.

இனி உங்கள் படித்துறைக்கு வருகிறேன். பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீர் எடுக்கும் வாய்கள் அணைகளில் பொதுவாகத் தாழ்வாகத்தான் இருக்கும். நீர்மட்டம் இறங்கினாலும் தண்ணீர் கிடைக்க வேண்டும் அல்லவா? அணை நிறைந்து நிற்கும்போது அந்த வாய் கீழடுக்கில் திறக்கிறது. மார்கழி, தை மாத இரவுகளில் மேல்தண்ணீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கியது. அந்தக் குளிர் அடியிலேயே தங்கிவிட்டது. சித்திரையில் நீங்கள் குளித்தது தை மாதத் தண்ணீர்.

அந்தக் குளிர் தீர்ந்து போகவும் கூடும். அணை இறங்க இறங்க மேலடுக்கு வாய்க்கு அருகில் வந்துவிடும், ஆறும் சூடாகும். கலிபோர்னியாவில் சாஸ்தா அணைக்குக் கீழே சாக்ரமெண்டோ ஆற்றில் சால்மன் மீன்கள் முட்டையிடுகின்றன. தண்ணீர் சூடானால் முட்டைகள் கெட்டுவிடும். எந்த ஆழத்திலிருந்து தண்ணீர் எடுப்பது என்று தேர்ந்தெடுப்பதற்காகவே அந்த அணையின் முகத்தில் பெரிய இரும்புக் கட்டுமானம் ஒன்றைப் பொருத்தி 1997இல் இயக்கத் தொடங்கினார்கள். முதலில் மேல்தண்ணீரைச் செலவழித்து, அடிக்குளிரைப் பிந்திய மாதங்களுக்காகச் சேர்த்து வைக்கிறார்கள். நெல்லைச் சேமிப்பது போலக் குளிரைச் சேமிக்கும் அந்த ஏற்பாட்டைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேள்வி: எங்கள் குண்டாறு அணை 36 அடி. பாபநாசம் 143 அடி. ஆழம் கூடினால் அடுக்கும் கூடும் என்று எடுத்துக்கொள்ளலாமா? – செங்கோட்டை வாசகர்.

பதில்: ஆழம் வேண்டும். ஆனால் ஆழத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. உள்ளே வந்த தண்ணீர் எத்தனை நாள் தங்குகிறது என்பதுதான் முக்கியமான கணக்கு.

நாளிதழில் தினமும் அணை நிலவரம் வருகிறது. நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி என்று மூன்று எண்கள். நம்மில் பலர் முதல் எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். மற்ற இரண்டையும் பாருங்கள். நொடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி ஆகிறது. அந்த வீதத்தில் ஒரு மில்லியன் கன அடி ஓடி முடியச் சுமார் பதினொன்றரை நாள் ஆகும். எனவே அணையில் இருக்கும் மில்லியன் கன அடியைப் பதினொன்றரையால் பெருக்கி, வெளியேற்றத்தால் வகுத்தால், தண்ணீர் தங்கும் நாள்கள் வந்துவிடும். பாபநாசம் அணை நிறைந்தால் 5,500 மில்லியன் கன அடி. வெளியேற்றம் 500 கன அடி என்றால் சுமார் 126 நாள்கள். வெள்ளக் காலத்தில் 5,000 கன அடி போகிறது என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று நாள்கள். நான்கு மாதம் நிற்கும் தண்ணீர் அமைதியாக அடுக்குக் கட்டும். இரண்டு வாரத்துக்குள் முழுவதும் மாறிவிடும் தண்ணீருக்கு அதற்கு நேரமே கிடையாது. உங்கள் குண்டாறு சாரல் தொடங்கியதும் முதலில் நிரம்பி வழியும் அணைகளில் ஒன்று. ஆனி, ஆடியில் அது கிட்டத்தட்ட ஓடும் ஆறுதான். ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கிறது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மணிமுத்தாற்றைப் பார்த்தால் சுவையாக இருக்கும். 118 அடி, 5,511 மில்லியன் கன அடி. கொள்ளளவில் பாபநாசத்துக்கு இரட்டைப் பிள்ளை. ஆனால் பாபநாசம் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் தண்ணீர் பெறுகிறது. மணிமுத்தாறு பெரிதும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கிறது. தையில் நிறைந்து நின்றால், அதன் பிறகு புதுத்தண்ணீர் அதிகம் வராமல் வெயிலில் கிடக்கும். மாசி முதல் வைகாசி வரை உறுதியான அடுக்கு மணிமுத்தாற்றில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. எதிர்வாதமும் உண்டு. பாபநாசம் மலைக்குள் மறைவாக இருக்கிறது, மணிமுத்தாறு மலையடிவாரத்தில் காற்றுக்கு முகம் காட்டி விரிந்து கிடக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம். தண்ணீர் மட்டும் சும்மா இருக்குமா? கணவாய்களின் வழியாக வரும் அந்தக் காற்று மேலடுக்கை நாளுக்கு நாள் ஆழமாக்கி, கீழடுக்கை அரித்துக்கொண்டே போகும்.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனம் வரவில்லை. எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பாவும் ஆச்சியும் நானும் காரையாறு அணையில், அதாவது இதே பாபநாசம் அணையில், படகு ஏறிப் பாணதீர்த்தம் அருவிக்குப் போனோம். வழியெல்லாம் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே போனேன், இளஞ்சூடாக இருந்தது. அருவிச் சத்தம் கேட்கத் தொடங்கிய இடத்தில், தண்ணீரின் மேல் குறுக்காக ஒரு கோடு கிடந்தது. சருகு, நுரை, சுள்ளி எல்லாம் வரிசையாக ஒதுங்கி, யாரோ கயிறு கட்டி நிறுத்தியது போல இருந்தது. படகுக்காரரிடம் அது என்ன என்று கேட்டேன். "ஆறு முங்குகிற இடம் அம்மா" என்றார். கோட்டைத் தாண்டியதும் கையைத் தண்ணீரில் வைக்க முடியவில்லை, அவ்வளவு குளிர். ஆச்சி என் கையைத் துடைத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

படகுக்காரர் சொன்னது முழு உண்மை. காட்டு நிழலில் ஓடி வரும் ஆறு குளிர்ந்தது, கனமானது. வெதுவெதுப்பான அணைத் தண்ணீரைச் சந்தித்ததும் அதன் அடியில் புகுந்துவிடுகிறது. மேல்தண்ணீர் அந்த இடத்துக்கு இழுக்கப்படுவதால் மிதப்பவை எல்லாம் அங்கே வந்து ஒதுங்கி நிற்கின்றன. முங்கிய ஆறு பழைய ஆற்றுப் படுகையின் மேலேயே, யாருக்கும் தெரியாமல், அணைச்சுவரை நோக்கிப் போகும். வழியில் தன் கனத்துக்கு நிகரான அடுக்கு எதிர்ப்பட்டால் அங்கேயே விசிறி போல விரிந்துவிடும். கோடைமழையில் சூடான பாறைகளின் மேல் வழிந்து வரும் தண்ணீர் என்றால் மேலேயே மிதந்து வரும். வண்டல் கலந்த வெள்ளத்துக்குக் குளிரோடு மண்ணின் கனமும் சேர்ந்துகொள்ளும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை போன்ற ஒன்று வரும்போது அடுக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. வெள்ளம் அணையை அடிமுதல் புரட்டிவிடும்.

கேள்வி: ஜூனில் கார் சாகுபடிக்குத் திறக்கும் தண்ணீர் அடித்தண்ணீர் என்றால், குளிர்ச்சியில் நாற்று கெடாதா? – சேரன்மகாதேவி விவசாயி.

பதில்: கெடாது, கவலை வேண்டாம். ஜப்பானின் வடபகுதியில் இது உண்மையான துயரம். அங்கே அகிட்டா மாநிலத்தில் பனி உருகி வரும் தண்ணீரில் நெல் விளையாமல் திண்டாடிய கிராமத்தார், 1927இல் தொடங்கி அகலமான, ஆழமில்லாத, படிப்படியாக விழும் வாய்க்கால்களை வெட்டி, தண்ணீரை வெயில் காய வைத்து வயலுக்கு விட்டார்கள். நம் அணைகளின் அடித்தண்ணீர் நெல்லை வருத்தும் அளவுக்குக் குளிர்வதில்லை. அதோடு, தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை உள்ள எட்டு அணைக்கட்டுகளில் உங்களுக்கு மேலே இருப்பவற்றில் தேங்கித் தேங்கி, மைல்கணக்கான வாய்க்காலில் வெயில் பட்டுத்தான் தண்ணீர் உங்களிடம் வருகிறது. அந்த ஜப்பானிய ஊர் தனியாக வெட்டிக்கொண்டதை நம் முன்னோர் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஊர்க் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறோம். மூன்று நாள் வானம் மந்தாரமாக இருந்தது. நான்காம் இரவு காற்றோடு மழை. விடிந்து பார்த்தால் பெரிய மீன்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மிதக்கின்றன. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து ஊரோடு சண்டை வரும் நிலைமை. உங்கள் கருத்து என்ன? – நாங்குநேரி வட்டாரத்து வாசகர்.

பதில்: தயவுசெய்து சண்டையை நிறுத்துங்கள். இந்த இதழ் கைக்கு வந்ததும் இந்தப் பதிலை ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் குளம் ஆழமில்லாதது. அணையில் மாதக்கணக்கில் நிற்கும் அடுக்கு, குளத்தில் வழக்கமாகப் பகலில் உருவாகி இரவில் கலைந்துவிடும். பகலில் பச்சைப்பாசி உயிர்வளியை (ஆக்சிஜனை) உண்டாக்குகிறது. இரவில் பாசி, மீன், சேறு எல்லாமே அதைச் செலவழிக்கின்றன. மூன்று நாள் வெயில் இல்லை என்றால் வரவு குறைந்து செலவு மட்டும் நடக்கிறது. காற்றில்லாத மந்தார நாளில் அடித்தண்ணீர் மேலே வராமல் சேற்றோடு ஒட்டிக் கிடந்து, உயிர்வளி முழுவதையும் இழந்துவிடுகிறது. நான்காம் இரவு குளிர்ந்த மழையும் காற்றும் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் மொத்தமும் புரண்டு மேலே வந்து கலந்துவிடும். சூடான தண்ணீருக்கு உயிர்வளியைப் பிடித்து வைக்கும் திறனும் குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல், 30 டிகிரியில் ஏழரை. எனவே நம் குளங்களில் மீனுக்குக் கையிருப்பு எப்போதும் சிறியதுதான்.

நீங்கள் எழுதிய அடையாளங்கள் எல்லாம் இதற்குப் பொருந்துகின்றன. விடியற்காலை, வாய் பிளந்த நிலை, பெரிய மீன்கள் முதலில் சாவது. விஷம் என்றால் சிறிசு பெரிசு பார்க்காது, தவளையையும் பூச்சியையும் சேர்த்துக் கொல்லும். ஆனாலும் கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ஒரு பாட்டில் தண்ணீரையும் சில மீன்களையும் மீன்வளத் துறையினரிடம் கொடுத்துப் பரிசோதித்த பிறகு பேசுங்கள். இனி மந்தாரம் இரண்டாம் நாளாக நீடித்தால் தீவனத்தை நிறுத்திவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு மேல் பம்பை ஓட்டி, குளத்துத் தண்ணீரைக் குளத்திலேயே உயரத்திலிருந்து சிதறி விழும்படி பாய்ச்சுங்கள். மீன் மேலே வந்து வாய் பிளக்கும் வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

கேள்வி: சில மாதங்களில் மட்டும் குடிதண்ணீரில் அழுகிய முட்டை வாடை வருவதும், பாத்திரத்தில் பழுப்புக் கறை படிவதும் இதனால்தானா? – அம்பாசமுத்திரம் வாசகி.

பதில்: அணைநீர் என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உயிர்வளி தீர்ந்த அடித்தண்ணீரில், சேற்றிலுள்ள இரும்பும் மாங்கனீசும் கரைந்து வெளியே வரும், ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் உண்டாகும். பாறைகளில் மோதி விழும் ஆற்றில் வாடை சீக்கிரம் போய்விடும். நேராகக் குழாயில் வந்தால் போகாது. பழைய இரும்புக் குழாயும் இதே கறையைத் தரும் என்பதால், முதலில் பக்கத்துத் தெரு வீடுகளிலும் இப்படி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கேள்வி: உலகம் சூடாகிறது என்கிறார்களே, அணையின் அடித்தண்ணீரும் சூடாகுமா? – பாளையங்கோட்டை வாசகர்.

பதில்: எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அடித்தண்ணீருக்கு மூச்சு விடும் வாய்ப்புக் குறைந்துபோகுமே என்பது. உலகெங்கும் 235 ஏரிகளை 1985 முதல் 2009 வரை பார்த்த ஓர் ஆய்வில், கோடைக்கால மேல்தண்ணீர் பத்தாண்டுக்குச் சராசரியாக 0.34 டிகிரி சூடாகியிருந்தது. மேலே இவ்வளவு வேகமாக ஏறினால் அடுக்கு முன்னதாகவே கட்டும், பிந்திக் கலையும். ஜப்பானின் பிவா ஏரி ஒவ்வொரு குளிர்காலத்திலும் மேலிருந்து கீழ் வரை ஒருமுறை முழுதாகக் கலக்கும். அதை அங்குள்ளவர்கள் ஏரியின் ஆழ்ந்த மூச்சு என்கிறார்கள். 1979இல் கண்காணிப்புத் தொடங்கிய பிறகு முதன்முறையாக, 2019இல் அந்த ஏரி முழு மூச்சு விடவில்லை. அடுத்த ஆண்டும் விடவில்லை.

நம் அணைகளுக்கு மூச்சு விட இரண்டு சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. ஒன்று மார்கழி, தை மாதக் குளிர் இரவுகள். மற்றொன்று பருவமழையோடு வரும் காற்றும் குளிர்ந்த வரத்தும். இரவுகளின் சூடு கூடினால் முதலாவது பலவீனப்படும். மழை பிந்தினால் இரண்டாவது தள்ளிப்போகும். ஒரே ஆண்டில் இரண்டும் நடந்தால் கீழே இருக்கும் தண்ணீரின் கதி என்ன? இதைச் சொல்ல, நாளிதழில் வரும் அந்த மூன்று எண்கள் போதாது. நான்காவதாக ஓர் எண் வேண்டும்: அணையின் மேலே இத்தனை டிகிரி, அடியில் இத்தனை டிகிரி. ஒரு படகும் கயிறும் வெப்பமானியும் இருந்தால் எடுத்துவிடக்கூடிய எண் அது. நீர்மட்டத்தை அடிக்கணக்கில் செய்தியாகப் போடும் நாம் டிகிரியையும் போட வேண்டும் என்று இந்தப் பத்தியில் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கேள்வி: நாங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள். எங்கள் பள்ளித் தோட்டத்துக் கிணற்றில் அடுக்கு இருக்கிறதா என்று பார்க்க முடியுமா டீச்சர்? – ஆழ்வார்குறிச்சி மாணவிகள்.

பதில்: முடியும் கண்மணிகளே. கைப்பிடிச் சுவர் உள்ள கிணறாக இருக்க வேண்டும், ஆசிரியர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பாட்டிலின் அடியில் கல்லைக் கட்டி, வெளியே சாக்குத் துணியைச் சுற்றித் தைத்துக்கொள்ளுங்கள். வாயைத் தக்கையால் மூடி, தக்கையில் தனி நூல் ஒன்று கட்டுங்கள். பாட்டிலைத் தாங்கும் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. வேண்டிய ஆழத்துக்கு இறக்கியதும் நூலைச் சுண்டினால் தக்கை கழன்று அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே நிறையும். குமிழி வருவது நின்றதும் இரண்டு நிமிடம் விட்டு, வேகமாக மேலே இழுத்து உடனே வெப்பமானியை வையுங்கள். முதலில் மேல்தண்ணீர், பிறகு இரண்டு இரண்டு முழமாகக் கீழே. பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை, மறுநாள் விடியற்காலை ஒருமுறை எடுங்கள். பம்பு ஓடிய நாளாக இருக்கக் கூடாது. ஊற்று எந்தப் பக்கம் இருக்கிறது என்று தோட்டக்காரத் தாத்தாவிடம் கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஊற்றுத் தண்ணீர் உங்கள் கணக்கைக் குழப்பும். எண்களை எனக்கு அனுப்பும்போது கிணற்றின் ஆழம், தேதி, அன்று காற்று இருந்ததா என்ற மூன்றையும் எழுத மறந்துவிடாதீர்கள்.